நடை நின்ற கயிறு

கீழ்வானம் வெளுத்து, கடலின் மேல் முதல் ஒளி மெல்லப் பரவி, துறையில் கட்டுண்டு கிடந்த கலங்களின் கொடிமரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, கரையோரக் கிடங்குகளின் ஓட்டுக் கூரைகளில் ஏறியிறங்கி, மேட்டுத் தெருக்களில் இன்னும் திறவாத சாளரங்களை எட்டிப் பார்த்து, நகரின் தென்கோடியில் கிடந்த ஒரு நெடுங்கொட்டகையின் கதவிடுக்கு வழியே உள்ளே நுழைந்த வேளை அது. அன்புடையீர், அக்கொட்டகையை முதன்முறை காண்பவர் அதனை ஒரு கட்டடம் என்று ஒப்பவே மாட்டார். தெரு ஒன்றைத் தூக்கி வந்து கூரை வேய்ந்து மூடிவிட்டார்கள் என்றே எண்ணுவார். அகலம் பன்னிரண்டு அடி. நீளமோ அறுநூறு அடி. இக்கோடியில் நின்று தும்மினால் அக்கோடியில் இருப்பவர் சற்று நேரம் கழித்தே வாழ்த்துவார். அதுதான் அவ்வூரின் கயிற்றாலை.

கயிறு திரிக்கும் முறையை முன்னரே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிடில் பின்னர் எழுந்த வழக்கு விளங்காது. மூன்று புரிகளைக் கொட்டகையின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவர். ஒரு கோடியில் ஒருவர் நின்று சக்கரத்தைச் சுற்றுவார். மறுகோடியிலிருந்து மற்றொருவர், மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டை ஒன்றைப் புரிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, சக்கரம் இருக்கும் பக்கமாகப் பின்னோக்கி நடந்து வருவார். அவர் நடக்க நடக்க, அவருடைய கண்ணெதிரே மூன்று புரியும் ஒன்றையொன்று தழுவிக் கயிறாகும். செய்து முடித்ததைப் பார்த்துக்கொண்டு, செல்லுமிடத்தைப் பாராமல் நடக்கும் தொழில் அது. நடப்பவர் நின்றால், சுற்றுபவர் அந்நொடியே கையை நிறுத்த வேண்டும். ஒரு சுற்று மிகுந்தாலும் அவ்விடத்தில் முறுக்கேறி நார் நைந்துபோகும். ஆதலால் நடை நின்ற இடத்தை அறுத்தெறிய வேண்டும் என்பது ஆலையின் கட்டளை.

இன்னும் ஒரு வழக்கம் உண்டு. கூம்புக் கட்டையைப் பிடித்து நடப்பவர், தமக்கென்று வரையறுத்த நிறத்தில் ஓர் இழையைக் கயிற்றின் உள்ளே வைத்துத் திரிக்க வேண்டும். வெளியே தெரியாது. என்றேனும் அக்கயிறு அறுந்தால், புரியைப் பிரித்துப் பார்த்து, திரித்தவர் இன்னார் என்று அறிவர். அவருடைய இழை பறிக்கப்படும். அதன்பின் அவர் முற்றத்தில் நார் உலர்த்தலாம், கூடம் பெருக்கலாம், கட்டையைத் தொடலாகாது.

இனி நம் நண்பர்கள் இருவரையும் காண்போம். சிவப்பு இழைக்கு உரியவர் ஒட்டி உலர்ந்த உடலினர், நீண்ட கழுத்தினர், எதைக் கேட்டாலும் "எல்லாம் முன்னாடியே முடிவானது" என்று விடையிறுப்பவர். ஆகவே ஆலையில் அவருக்கு முன்னாடியார் என்று பெயர். நீல இழைக்கு உரியவர் அவருடைய மனைவியின் தம்பி, பருத்தவர், உள்ளங்கை அகன்றவர், நன்றோ தீதோ "என் கை செஞ்சது" என்று மார்பில் தட்டிக்கொள்பவர். அவரை எல்லாரும் என்கையார் என்றனர். ஒருநாள் ஒருவர் சுற்ற ஒருவர் நடப்பார், மறுநாள் மாறிக்கொள்வர். ஒரே வீட்டில் கீழே அவரும் மேலே இவருமாகக் குடியிருந்து, ஒரே அடுப்பில் உண்டு, இருபது ஆண்டுகளாக ஒரே பொருளைப் பற்றிச் சொற்போர் நிகழ்த்தி வந்தனர். மாந்தர் செய்வதெல்லாம் அவர் விருப்பாலோ, அன்றி முன்னிகழ்ந்தவற்றின் தொடர்ச்சியாலோ என்பதே அப்பொருள். கற்றோர் அவைகளில் மெல்லிய குரலில் ஆராயப்படும் அவ்வினா, இங்கே அறுநூறு அடித் தொலைவுக்குக் கத்திப் பேசப்பட்டது. நடுவில் வேலை செய்த முப்பது பேரும் இலவசமாகக் கேட்டு மகிழ்ந்தனர்.

"இப்ப மூக்கைச் சொறிஞ்சியே மாப்ளே, அதை நீயா செஞ்ச?" என்று சக்கரத்தருகிலிருந்து முன்னாடியார் கூவுவார். "மூக்கு அரிச்சுது, கை போச்சு. அரிக்கணும்னு நீயா முடிவு பண்ண?"

"அரிப்பு என்னோடது இல்ல மாமா, ஒத்துக்கறேன். சொறியாம இருந்திருக்கலாம்ல, அது என்னோடது."

"இருந்தியா?"

"இல்ல."

"அவ்வளவுதான்."

இப்படிப் போகும். தோற்றவர் இவர் என்றும் வென்றவர் அவர் என்றும் ஒருநாளும் முடிந்ததில்லை. முடிந்துவிட்டால் மறுநாள் எதைப் பேசுவது என்ற அச்சம் இருவருக்குமே இருந்தது என்று நான் ஐயுறுகிறேன்.

இனி ஒரு குடையின் செய்திக்கு வருவோம். மழை பெய்த ஒருநாள், என்கையாரின் வளைபிடிக் குடையை இரவல் வாங்கிச் சென்ற முன்னாடியார், வெறுங்கையோடு திரும்பினார். மறுநாள் நடப்பது என்கையாரின் முறை. கட்டையைப் பிடித்து இருநூறு அடி நடந்து வந்தவர், நினைவு வந்து கேட்டார்.

"குடை எங்க மாமா?"

"தொலைஞ்சுது மாப்ளே."

"நீங்க தொலைச்சீங்களா, அது தொலைஞ்சுதா?"

"அதைத் தைச்சவன் ஊசியில நூல் கோர்த்தப்பவே இது முடிவாயிடுச்சு. நடுவுல கொஞ்ச நேரம் என் கையில இருந்துச்சு, அவ்வளவுதான்."

என்கையாரின் கால்கள் நின்றன. அவர் கழுத்தைத் திருப்பி, "அப்போ குடை தானா எழுந்து நடந்து போச்சா?" என்றார். கொட்டகை முழுதும் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் முன்னாடியாருக்குச் சூடு ஏறிற்று. இடக்கையைத் தலைக்குமேல் உயர்த்தி, நீண்டதொரு விளக்கத்தைத் தொடங்கினார். அவருடைய வலக்கையோ, பேச்சின் விரைவுக்கு ஏற்ப, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பது சுற்று. ஒன்பதாவதில்தான் அவர் கண்டார், கையை எடுத்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. என்கையார் தம் நடை நின்ற இடத்தைக் கயிற்றில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அறுத்துத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் கலம் ஒன்று காத்திருந்தது. தம் உள்ளங்கை பொய் சொல்லாது என்ற செருக்கும் அவருக்கு இருந்தது. நின்றது ஒரு நொடிதான், மிகைச் சுற்று ஒன்றும் இராது என்று எண்ணி, "இது தாங்கும்" என்று சொல்லி நடந்தார்.

நான்கு திங்கள் தாங்கிற்று. ஐந்தாம் திங்களில், கலத்திலிருந்து பொதி இறக்குகையில், அக்கயிறு அறுந்தது. கீழே நின்ற நெட்டையர் என்னும் சுமையாளரின் வலக்காலில் பொதி விழுந்து, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் பிழைத்தார் என்பதே ஆறுதல்.

அறுந்த கயிற்றை ஆலைக்குக் கொண்டுவந்து, எல்லார் முன்னிலையிலும் பிரித்தனர். பிரித்தவர் வேறு யாருமல்லர். முடிச்சு மேடையில் கயிற்று முனைகளைப் பின்னும் பணியைச் செய்துவந்த அக்காள், முன்னாடியாரின் மனைவி, என்கையாரின் உடன்பிறப்பு. மூன்றாம் புரியைப் பிரித்ததும் நீல இழை வெளிப்பட்டது. அக்காளின் விரல்கள் அதன்மேல் சிறிதுநேரம் அப்படியே கிடந்தன. மூன்றாம் நாள் காலை ஆலைத்தலைவியின் முன் வழக்கு என்றும், மறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லையேல் என்கையாரின் இழை பறிக்கப்படும் என்றும் அறிவித்தனர்.

அன்று மாலை என்கையார் வீட்டு மாடிப்படியில் நீலநூல் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். முன்னாடியார் இரண்டு படி கீழே வந்து அமர்ந்தார். அவருக்கு மைத்துனன்பால் இருந்த அன்பு பெரிது. அதைக் காட்டத் தெரிந்த வழியோ ஒன்றே ஒன்றுதான்.

"மாப்ளே, இது உன் மேல இல்ல. அந்த நார் எந்த வயல்ல விளைஞ்சுது, எந்த மழையில நனைஞ்சுது, அன்னைக்கு நீ ஏன் நின்ன, எல்லாத்தையும் கோர்த்துப் பாரு. உன்னால வேற மாதிரி செஞ்சிருக்கவே முடியாது."

என்கையார் உருண்டையை உள்ளங்கையில் உருட்டினார். பின்பு சொன்னார்: "வேண்டாம் மாமா. இத்தனை வருஷமா நான் திரிச்ச நல்ல கயிறெல்லாம் என் கைன்னா, அறுந்ததும் என் கைதான். இதை என்கிட்டயிருந்து எடுத்தீங்கன்னா, அதையும் சேர்த்துல்ல எடுக்கறீங்க. என் கையை என்கிட்ட விட்டுடுங்க."

இருபது ஆண்டில் முதன்முறையாக முன்னாடியார் ஒரு சொற்போரை நடுவில் விட்டு எழுந்து போனார்.

உணவு வேளையில் அவர் கை இலையில் படவில்லை. "என்ன, சாப்பாடும் முன்னாடியே முடிஞ்சுதா?" என்றார் அக்காள். அவர் சிரிக்கவில்லை. அக்காள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார். அப்போது முன்னாடியார் அந்த ஒன்பது சுற்றுகளைச் சொன்னார்.

"இவ்வளவு நாளா என்கிட்ட சொல்லலையே."

"சொல்ல என்ன இருக்கு. கை சுத்துச்சு."

"கை சுத்துச்சா, நீங்க சுத்துனீங்களா?"

முன்னாடியார் நினைத்துப் பார்த்தார். தம் கொள்கை பொய் என்று அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. உண்மைதான், தம் இயல்பு, அன்றைய சிரிப்பு, உச்சிக்கு ஏறிய சூடு எல்லாம் சேர்ந்துதான் அக்கையைச் சுற்ற வைத்தன. ஆனால் ஒன்பதாம் சுற்றில் கண்ட பிறகு வாய்திறவாமல் இருந்த அந்த நான்கு திங்களை எந்த வயலில் விளைந்த நாரின்மேல் ஏற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மேலும், அவர் வாய்மூடி இருந்துவிட்டால் மைத்துனர் வாழ்நாள் முழுதும் முற்றத்தில் நார் உலர்த்துவார்.

அக்காள் எழுந்து இலையை எடுத்தார். "நாளன்னைக்குக் கேப்பாங்க. நீங்க சொன்னாலும் அது முன்னாடியே முடிவானதுதான், சொல்லலைன்னாலும் முடிவானதுதான். எது முடிவாயிருக்குன்னு நானும் பாக்கணும்" என்றார். திட்டியிருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

வழக்கு நாளில் ஆலைத்தலைவிக்குக் கடுஞ்சளி. தந்தையார் விட்டுச்சென்ற அகன்ற நாற்காலியில், கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி அமர்ந்திருந்தார். எதிரே மேசையில் அறுந்த கயிறு. என்கையார் முன்னே வந்து, நீலநூல் உருண்டையைக் கயிற்றின் அருகே வைத்தார். "என் கை அம்மா. நடை நின்னுச்சு, நான் அறுக்கல. வேற சொல்ல ஒண்ணுமில்ல."

"வேற யாராவது பேசணுமா?" என்றார் தலைவி, வழக்கப்படி.

முப்பது பேர் நின்ற அறையில் நீண்ட கழுத்து ஒன்று மேலெழுந்தது.

"நான் பேசணும் அம்மா. அவன் நின்னதுக்கு அப்புறம் ஒன்பது சுத்து சுத்தினேன். அறுந்தது அதனாலதான். பார்த்தேன், சொல்லல. என்னை யாரும் சுத்த வைக்கல. நிறுத்தியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்." சற்று நிறுத்தி, தமக்கே அயலாய்ப்பட்ட சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பவர்போல், "என் கை செஞ்சது" என்றார்.

இருபதாண்டுச் சொற்போர் அந்த மூன்று சொற்களில் முடிந்துபோயிற்று. வென்றவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் அல்லவா? வென்றவரோ முகம் வெளுத்து, மேசையைப் பற்றிக்கொண்டு நின்றார். சிவப்பு இழையும் போய்விடும் என்பதும், மாமா இல்லாத கொட்டகையில் எவர் சுற்ற எவர் நடப்பது என்பதும் அவருக்கு ஒரே நொடியில் விளங்கின.

"அம்மா, அவர் சொல்றதைக் கேக்காதீங்க" என்றார் என்கையார். "பேச்சுன்னு வந்துட்டா அவர் கை அவர்கிட்ட இல்ல. பொறந்ததுல இருந்து அப்படி. அவங்க அப்பாவும் அப்படித்தானாம், அக்காவைக் கேளுங்க. மழை பெஞ்சுது, குடை தொலைஞ்சுது, நான் வம்புக்கு இழுத்தேன், இவங்க எல்லாரும் சிரிச்சாங்க. இதுல அவர் என்ன செய்வார்? அவரால வேற மாதிரி இருந்திருக்கவே முடியாது."

"மாப்ளே, நீ சும்மா இரு. நான் செஞ்சதை என்கிட்டயிருந்து பிடுங்காதே."

"நீங்க சும்மா இருங்க மாமா. எல்லாம் முன்னாடியே முடிவானது."

தலைவி தும்மினார், துணியால் மூக்கைத் துடைத்தார், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபது வருஷமா இதைத்தானே ரெண்டு பேரும் தலைகீழா கத்திக்கிட்டு இருந்தீங்க?" என்றார். பின்னால் நின்ற அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரோ அழுதாரோ, அருகில் நின்றவர்க்கும் தெரியவில்லை.

தலைவிக்கு அறிவுரை சொல்லும் பழக்கம் இல்லை. அன்று தொண்டையும் இல்லை. ஓர் இழையைப் பறிக்கக் கட்டளை உண்டு, இரண்டு பேர் போட்டி போட்டுக் கேட்டால் என்ன செய்வதென்று தந்தையார் எழுதி வைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டார். பின்பு தீர்ப்புச் சொன்னார். இனி அவ்விருவர் திரிக்கும் ஒவ்வொரு கயிற்றிலும் நீலமும் சிவப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். எது அறுந்தாலும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். கட்டையை எடுத்த நொடி முதல் நடை முடியும்வரை இருவரும் வாய்திறக்கலாகாது. "முதல்ல அந்த மனுஷன்கிட்ட போய் என்ன வேணும்னு கேளுங்க" என்று சொல்லி, மீண்டும் தும்மி, எழுந்து போனார்.

நெட்டையரின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தவர், இருவரும் மாறி மாறித் தம் தவற்றை உரைப்பதைக் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "யாரு எவ்வளவுன்னு என்னால பிரிக்க முடியல. பாதிப் பாதியா இல்ல. ரெண்டு பேர் மேலயும் முழுசாவே கோவமா இருக்கு" என்றார். இருவரும் தலைகுனிந்து, அதை ஒப்புக்கொண்டனர். எழுந்து போகையில் அவர் பின்னாலிருந்து சொன்னார்: "இந்தப் படியில கைப்பிடி கிடையாது. காலு கூடினாலும் நான் எதைப் பிடிச்சு இறங்கறது?"

அப்படிக்குக் கைப்பிடியாக அவர்கள் கயிறு திரித்த காலையை ஆலையில் இன்றும் சொல்வார்கள். முன்னாடியார் கட்டையைப் பிடித்தார். என்கையார் சக்கரத்தைச் சுற்றினார். அறுநூறு அடிக்கும் ஒரு சொல் இல்லை. நடுவில் நின்ற முப்பது பேருக்கும் வேலையே ஓடவில்லை. பேச்சு இருந்த இடத்தில் கவனம் இருந்தது: அவருடைய ஒவ்வோர் அடியையும் இவர் பார்த்தார், இவருடைய ஒவ்வொரு சுற்றையும் அவர் புரிகளின் நடுக்கத்தில் உணர்ந்தார். முன்னாடியாரின் முதுகு சக்கரத்தை நெருங்கி அவர் நின்றபோது, சக்கரமும் அதே நொடியில் நின்றது.

இரண்டு திங்களுக்குப் பின், கட்டு அவிழ்த்த நெட்டையர் முதன்முறையாகக் கீழே இறங்கும் நாளில், மைத்துனர் இருவரும் அக்கட்டடத்தின் வாயிலில் வந்து நின்றனர். மேலே போய்த் தாங்கிப் பிடிக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், கயிறு போதும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே அவர்கள் படியடியில் காத்திருந்தனர். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரிடமும் குடை இல்லை. மேலே ஓர் அடி, நிறுத்தம், படிச்சுவரில் அடித்த வளையங்களில் கைப்பிடிக் கயிறு இறுகும் முனகல், மறுபடி ஓர் அடி. ஒவ்வொரு முனகலுக்கும் என்கையாரின் உள்ளங்கை தானாக மூடித் திறந்தது.

இரண்டாம் மாடி வரையில் ஓசை வந்ததும், முன்னாடியார் மழையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாப்ளே, குடையை நான்தான் தொலைச்சேன்."

என்கையார் அவருடைய தோளில் தெறித்திருந்த தூறலைப் புறங்கையால் துடைத்துவிட்டார்.

"விடுங்க மாமா. அது தொலையணும்னு இருந்துச்சு."

அன்புடையீர், ஊழ் பெரிதோ உள்ளத்தின் துணிவு பெரிதோ என்று துணிந்து உரைக்க இதனை எழுதும் யான் கற்றவன் அல்லேன். தன் பிழை என்றால் 'என் கை' என்றும், தன்னைச் சேர்ந்தவன் பிழை என்றால் 'முன்பே முடிந்தது' என்றும் சொல்லத் தெரிந்த இருவரை ஒரு மழைநாளில் ஒரு படியடியில் கண்டேன், அவ்வளவே அறிவேன். மேலிருந்து இறங்கியவாறே, நீலமும் சிவப்பும் உள்ளே மறைந்திருந்த அக்கயிற்றை இரு கைகளாலும் பற்றி, தம் முழுச் சுமையையும் அதன்மேல் விட்டு, நெட்டையர் கடைசிப் படியில் கால் வைத்தார். கயிறு தாங்கிற்று.